பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார்

எழுத்தறியாக் குழந்தையும் படத்தை அறியும். ஏடு ஒன்றைக் கையிற் கொடுத்தால், எழுத்தை விடுத்துப் படத்தையே முதலில் நாடுவது குழந்தையின் இயல்பு. படத்திலுள்ள பறவையைத் தடவிப் பார்க்கும், விலங்கோடு பேசும், கதையையும் அவ்விலங்கின் வாயிலாகவே அறிந்துகொள்ளும். ஆதலால், குழந்தைகளுக்கென ஓவியம் வரைவோரின் பொறுப்பு மிகப் பெரிது. வளர்ந்தோர் காணாது விடும் பிழையையும் குழந்தையின் கண் கண்டுவிடும். இவ்வுண்மையை நன்குணர்ந்து, கண்டதைக் கண்டவாறே வரைந்து, உலகக் குழந்தைகளின் உள்ளத்தில் இடம் பெற்றவர் பியாட்ரிக்ஸ் பாட்டர் என்னும் ஆங்கிலப் பெண்மணியார். நீலச் சட்டை அணிந்த முயற்குட்டி ஒன்றை அவர் படைத்தார். அம்முயற்குட்டி அவருக்குப் பொருளைத் தேடித் தந்தது. பொருள் உரிமை வாழ்வைத் தந்தது. அவ்வுரிமை வாழ்வு எழில்மிக்க நாட்டுப்புறம் ஒன்றைக் காத்துத் தந்தது. அவ்வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

பியாட்ரிக்ஸ் 1866ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 28ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் ரூபர்ட் பாட்டர், தாயார் ஹெலன். இருவரும் இங்கிலாந்தின் வடபகுதியில் பருத்தித் தொழிலால் பெருஞ்செல்வம் ஈட்டிய குடும்பங்களிற் பிறந்தவர்கள். பாட்டனார் எட்மண்ட் பாட்டர், துணிகளில் பூவும் கொடியும் அச்சிடும் பெரியதோர் ஆலையை நடத்தியவர். பாராளுமன்ற உறுப்பினராகவும் விளங்கியவர். தந்தையார் வழக்கறிஞர், நிழற்படம் பிடிப்பதில் பெருவிருப்பம் உடையவர். அக்காலத்திற் பெரும்புகழ் பெற்றிருந்த ஓவியர் ஜான் எவரெட் மில்லே அவருடைய நண்பர். ஆதலால், ஓவியமும் ஓவியர் பேச்சும் அவ்வீட்டிற்குப் புதியன அல்ல.

வீட்டிற் செல்வம் இருந்தது. விளையாட்டுத் தோழர் இல்லை. செல்வர் வீட்டுப் பெண்களைப் பள்ளிக்கு அனுப்பாமல், ஆசிரியைமாரை வீட்டிற்கே வரவழைத்துக் கற்பிப்பது அந்நாளைய வழக்கம். பியாட்ரிக்ஸும் அவ்வாறே கற்றார். வீட்டின் மேல்மாடியில் அமைந்த அறையே அவருக்குப் பள்ளியும் விளையாட்டிடமும் ஆயிற்று. அவருக்கு ஆறாண்டு இளையவரான பெர்ட்ரம் என்னும் தம்பி ஒருவர் உண்டு. அவரும் வளர்ந்தபின் வெளியூர்ப் பள்ளிக்குச் சென்றுவிட்டார்.

மனிதரின் துணை குறைந்த அவ்வறைக்கு விலங்குகள் துணையாக வந்தன. முயல், சுண்டெலி, முள்ளெலி, தவளை, பல்லி, ஆமை, வௌவால் முதலியன அம்மேல்மாடியில் வளர்ந்தன. அக்காளும் தம்பியும் அவற்றைப் பேணினர். அவை உண்பதையும் உறங்குவதையும் ஓடுவதையும் உற்று நோக்கினர். நோக்கியவற்றை ஏட்டில் வரைந்தனர். வளர்த்த உயிர் ஒன்று இறந்தால் வருந்தினர். எனினும் வருத்தத்தோடு நின்றுவிடவில்லை. அதன் எலும்புக்கூட்டைப் பிரித்தெடுத்து, எந்த எலும்பு எதனோடு எவ்வாறு பொருந்துகிறது என்று ஆராய்ந்தும் வரைந்தனர். உள்ளிருக்கும் எலும்பை அறிந்தவரே உடலின் அசைவைப் பிழையின்றி வரைய வல்லவர் அன்றோ! பிற்காலத்தில் அவர் வரைந்த முயல்கள் ஏட்டிலிருந்து எழுந்து ஓடுவனபோலத் தோன்றுவதற்கு இப்பயிற்சியே காரணம் எனலாம்.

ஆண்டுதோறும் கோடையில் பாட்டர் குடும்பத்தினர் நகரை விட்டு நீங்கி நாட்டுப்புறத்தில் தங்குவர். பல ஆண்டுகள் ஸ்காத்லாந்து நாட்டின் டால்கைஸ் என்னும் ஊரில் தங்கினர். 1882ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள ஏரி மாவட்டத்திற்கு முதன்முறையாகச் சென்றனர். மலைகளும், மலைகளுக்கிடையே பளிங்குபோல் விளங்கும் ஏரிகளும், கல்லடுக்கிய வேலிகளும், சரிவுகளில் மேயும் ஆடுகளும் நிறைந்த நாடு அது. அங்குத் திருச்சபைக் குருவாக இருந்த ஹார்ட்விக் ரான்ஸ்லி என்பவர் அக்குடும்பத்திற்கு நண்பரானார். இயற்கை எழில் வாய்ந்த இடங்களும் பழம்பெருங் கட்டடங்களும் தனியார் நலத்திற்கு இரையாகி அழிந்து போகலாகாது என்பது அவருடைய கொள்கை. அக்கொள்கையை நிறைவேற்ற 1895ஆம் ஆண்டில் தேசிய அறக்கட்டளையை நிறுவிய மூவருள் அவரும் ஒருவர். அவருடைய கொள்கை பியாட்ரிக்ஸின் உள்ளத்தில் வித்தாக விழுந்தது. அவ்வித்து முளைத்து மரமாவதற்குப் பல்லாண்டுகள் ஆயின.

மறைவெழுத்தும் காளான் ஆராய்ச்சியும்

பியாட்ரிக்ஸ் ஏறத்தாழப் பதினைந்து வயது முதல் முப்பது வயது வரை நாட்குறிப்பு எழுதி வந்தார். பிறர் எவரும் படித்தறிய இயலாதவாறு, தாமே அமைத்துக்கொண்ட மறைவெழுத்தில், மிக நுண்ணிய வடிவில் அதனை எழுதினார். மனம் விட்டுப் பேசுவதற்கு ஒருவரும் இல்லாத பெண்ணுக்கு அவ்வேடே தோழியாயிற்று போலும்! அவர் மறைந்த பின்னர், லெஸ்லி லிண்டர் என்னும் அறிஞர் பல ஆண்டுகள் முயன்று, 1958ஆம் ஆண்டில் அம்மறைவெழுத்தின் திறவுகோலைக் கண்டறிந்தார். 1966ஆம் ஆண்டில் நாட்குறிப்பு நூலாக வெளிவந்தது.

இளமையைக் கடந்த பியாட்ரிக்ஸின் உள்ளத்தை அடுத்துக் கவர்ந்தது காளான். காட்டிலும் மேட்டிலும் அலைந்து காளான்களைத் தேடினார். நிறமும் வடிவமும் சிறிதும் மாறாமல் நூற்றுக்கணக்கான காளான் ஓவியங்களை வரைந்தார். சார்லஸ் மாக்கிண்டாஷ் என்னும் ஸ்காத்லாந்து நாட்டு அஞ்சற்காரர் காளான் இயலில் தேர்ந்தவர். அவர் காளான்களை அனுப்பியும் அறிவுரை கூறியும் உதவினார். உருப்பெருக்கியின் துணையால் காளானின் நுண்ணிய வித்துத் தூளை ஆராய்ந்த பியாட்ரிக்ஸ், அத்தூளை முளைக்கச் செய்து, அது வளரும் நிலைகளையும் வரைந்து வைத்தார்.

வேதிநூல் வல்லுநராகிய ஹென்றி ராஸ்கோ அவருடைய உறவினர். அவர் பியாட்ரிக்ஸைக் கியூ என்னும் இடத்திலுள்ள அரசுத் தாவரத் தோட்டத்திற்கு அழைத்துச் சென்றார். பயிற்சி பெறாத இளம்பெண் ஒருத்தியின் முடிவுகளைத் தோட்டத்தின் தலைவர் பொருட்படுத்தவில்லை. எனினும் பியாட்ரிக்ஸ் தளர்ந்திலர். தம் ஆராய்ச்சியைக் கட்டுரையாக எழுதினார். 1897ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று அக்கட்டுரை இலண்டன் லின்னேயக் கழகத்தின் கூட்டத்தில் முன்வைக்கப்பட்டது. ஆனால் எழுதியவர் அங்கு இல்லை. அக்காலத்தில் பெண்கள் அக்கழகத்தில் உறுப்பினராதலும் கூட்டத்திற்கு வருதலும் இயலாது. ஆதலால் வேறொருவரே அதனை முன்வைத்தார். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது, பின்னர் அச்சேறவில்லை, இன்று அது கிடைக்கவுமில்லை.

நூறாண்டுகள் கழிந்தபின், 1997ஆம் ஆண்டில், அவருக்கு அந்நாளில் உரிய மதிப்பு அளிக்கப்படவில்லை என்பதை அக்கழகத்தார் ஒப்புக்கொண்டனர். அவர் வரைந்த காளான் படங்களோ, 1967ஆம் ஆண்டில் வெளியான காளான் நூலொன்றில் இடம் பெற்றன. அறிவியலாளரும் பயன்கொள்ளும் அளவிற்கு அவை பிழையற்றனவாய் இருந்தன. கட்டுரை மறைந்தது, கண்டதைக் கண்டவாறு வரைந்த ஓவியம் மறையவில்லை.

நோயுற்ற சிறுவனுக்கு எழுதிய மடல்

பியாட்ரிக்ஸுக்குக் கற்பித்த ஆசிரியைமாருள் இறுதியாக வந்தவர் ஆனி என்பவர். அவர் பியாட்ரிக்ஸுக்குச் சில ஆண்டுகளே மூத்தவர். ஆதலால் இருவரும் தோழியராயினர். ஆனி திருமணம் செய்துகொண்டு மக்களைப் பெற்றபின், அம்மக்களுக்குப் படங்கள் நிறைந்த மடல்களை எழுதுவது பியாட்ரிக்ஸின் வழக்கமாயிற்று. மூத்த மகன் நோயல் 1893ஆம் ஆண்டில் நோயுற்றுப் படுத்திருந்தான். அவனுக்கு வயது ஐந்து. அப்பொழுது ஸ்காத்லாந்தில் தங்கியிருந்த பியாட்ரிக்ஸ், செப்டம்பர்த் திங்கள் 4ஆம் நாள் அவனுக்கு மடல் எழுத அமர்ந்தார். எழுதுவதற்குச் செய்தி ஒன்றும் இல்லை. எனவே நான்கு முயற்குட்டிகளின் கதையைப் படங்களோடு எழுதி அனுப்பினார். அம்முயற்குட்டிகளுள் ஒன்றின் பெயர் பீட்டர். அது பியாட்ரிக்ஸ் அன்போடு வளர்த்த முயலின் பெயராகும்.

நோயலோ அம்மடலை எறிந்துவிடாமல் காத்து வைத்திருந்தான். ஏழாண்டுகள் கழித்து, அக்கதையை நூலாக வெளியிடலாம் என்னும் எண்ணம் எழுந்தபொழுது, பியாட்ரிக்ஸ் அம்மடலை அவனிடமிருந்து இரவலாகப் பெற்றுப் படியெடுத்துக்கொண்டார். ஒரு சிறுவன் பொன்போற் போற்றிய தாள்களே உலகப் புகழ் பெற்ற நூலுக்கு மூலமாயின.

நூல் வெளிவந்த வரலாறு

கதையைச் சற்றே விரித்து எழுதிப் படங்களையும் புதிதாக வரைந்து, பியாட்ரிக்ஸ் பல பதிப்பகத்தாருக்கு அனுப்பினார். ஆறு பதிப்பகங்களேனும் அதனை ஏற்க மறுத்தன. பெரிய அளவில், மிகுந்த விலையில் நூலை வெளியிடவே பதிப்பாளர் விரும்பினர். பியாட்ரிக்ஸின் கருத்து வேறு. குழந்தையின் நூல் குழந்தையின் கையில் அடங்க வேண்டும். ஒரு பக்கத்தில் சில வரிகளும் எதிர்ப்பக்கத்தில் ஒரு படமும் இருத்தல் வேண்டும். சிறுவர்களின் சேமிப்புக் காசுக்கும் எட்டும் விலையாதல் வேண்டும். இக்கொள்கையை அவர் விட்டுக்கொடுத்திலர். 1901ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் தம் பொருளைச் செலவிட்டு 250 படிகளை அச்சிட்டார். உறவினரும் நண்பரும் அவற்றை விரைவில் வாங்கிக்கொண்டனர். மேலும் 200 படிகள் அச்சிட நேர்ந்தது.

முன்னர் மறுத்த பதிப்பகங்களுள் ஒன்றாகிய பிரடெரிக் வார்ன் பதிப்பகத்தார் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டனர். படங்கள் அனைத்தையும் வண்ணத்தில் வரைந்து தந்தால் வெளியிடுவதாக உடன்பட்டனர். அக்காலத்தில் மூவண்ண அச்சு முறை புதிதாகப் பரவி வந்தது. வண்ண ஓவியத்தை நிழற்படமாக எடுத்து, மஞ்சள், சிவப்பு, நீலம் ஆகிய நிறங்களுக்குத் தனித்தனியே தகடு செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடுவது அம்முறை. அதனால் நீர்வண்ண ஓவியத்தின் மென்மை கெடாமல், குறைந்த செலவில் வண்ணப்படங்களை அச்சிட முடிந்தது. 1902ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் பீட்டர் முயலின் கதை ஒரு ஷில்லிங் விலையில் வெளிவந்தது. முதலில் அச்சிட்ட 8,000 படிகளும் வெளியீட்டிற்கு முன்னரே விலையாகிவிட்டன. அவ்வாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 28,000 படிகள் அச்சிடப்பெற்றன. அப்பொழுது அம்மையாருக்கு வயது முப்பத்தாறு.

ஓவியத்தின் சிறப்பு

அக்கதை மிக எளியது. தாய்முயல் தன் குட்டிகள் நான்கையும் அழைத்து, மக்கிரெகர் என்பவரின் தோட்டத்திற்கு மட்டும் போகலாகாது என்று எச்சரிக்கிறது. குட்டிகளின் தந்தை அத்தோட்டத்தில் அகப்பட்டு உணவாகிப் போன செய்தியையும் மறைக்காமல் கூறுகிறது. மூன்று குட்டிகள் சொற்கேட்டு நடக்கின்றன. பீட்டரோ நேரே அத்தோட்டத்திற்குள் நுழைந்து, கீரையும் அவரையும் முள்ளங்கியும் வயிறு புடைக்க உண்கிறது. மக்கிரெகர் கண்டு துரத்துகிறார். ஓடும்பொழுது மிதியடிகள் கழன்று போகின்றன. வலை ஒன்றில் சட்டைப் பொத்தான்கள் சிக்குகின்றன. சட்டையை விட்டொழித்து, நீர் தெளிக்கும் வாளியில் ஒளிந்து, வழி தெரியாமல் கலங்கி, இறுதியில் வாயிலைக் கண்டு தப்பி வீடு சேர்கிறது. சொற்கேட்ட குட்டிகளுக்கு இனிய உணவு கிடைக்கிறது. பீட்டருக்கு மருந்தே கிடைக்கிறது.

இதில் ஒரு நுட்பத்தைக் காணுங்கள். சட்டையும் மிதியடியும் அணிந்துள்ளவரை பீட்டர் சிறுவனைப்போல இரண்டு கால்களால் நடக்கிறது. மிதியடிகளை இழந்தவுடன் நான்கு கால்களால் ஓடுகிறது, விரைவும் பெறுகிறது. சட்டையை விட்ட பின்னரே வலையிலிருந்து உயிர் தப்புகிறது. ஆடை அணிந்த முயல் உலகில் இல்லை. ஆயினும் அவ்வாடைக்குள் இருப்பது மெய்யான முயலே. அதன் செவி, முதுகின் வளைவு, பின்னங்காலின் மடிப்பு ஆகிய எதுவும் பொய்யன்று. கற்பனையை மெய்ம்மையின்மேல் எழுப்பியமையே அம்மையாருடைய ஓவியத்தின் சிறப்பாகும்.

பிற நூல்களுக்கும் அவர் இவ்வாறே உழைத்தார். குளௌஸ்டர் நகரத் தையற்காரருக்குச் சுண்டெலிகள் உதவிய கதையை எழுதியபொழுது, பழங்காலப் பூத்தையல் ஆடைகளை இலண்டன் அருங்காட்சியகத்திற்குச் சென்று நேரிற் கண்டு, தையலின் நுண்மை தோன்ற வரைந்தார். முள்ளெலியைச் சலவைக்காரியாக வரைந்தபொழுது, அவர் வளர்த்த முள்ளெலியையே முன்னிறுத்திக்கொண்டார். நெடுநேரம் நிற்க மாட்டாமல் அது சினந்து கடிக்கத் தொடங்கவே, ஆடையின் அமைப்பைக் காண்பதற்கு ஒரு பொம்மையைச் செய்து வைத்துக்கொண்டு வரைந்தார். இவ்வாறு அணில், தவளை, வாத்து, பூனை, பன்றி முதலியவற்றை வைத்து அவர் இயற்றிய சிறு கதைநூல்கள் 23 ஆகும்.

கலைத்திறத்தோடு உலகியல் அறிவும் அவரிடம் இருந்தது. பீட்டரின் வடிவில் துணிப்பொம்மை ஒன்றைத் தம் கையாலேயே தைத்து, 1903ஆம் ஆண்டில் அதன் உரிமையை அரசு அலுவலகத்திற் பதிவு செய்தார். முதல் நூலின் உரிமை அமெரிக்காவிற் பதிவு செய்யப்படாமையால், அந்நாட்டில் பிறர் அதனை இசைவின்றி அச்சிட்டு ஆதாயம் அடைந்தனர். அவ்விழப்பைக் கண்ட அம்மையார், தம் உழைப்பின் பயனைத் தாமே காத்துக்கொள்ளக் கற்றார்.

அன்பும் துயரும்

வார்ன் பதிப்பகத்தில் அம்மையாருடைய நூல்களைக் கவனித்து வந்தவர் நார்மன் வார்ன் என்பவர். நிறுவனத்தின் உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர். படத்தைப் பற்றியும் அச்சைப் பற்றியும் இருவருக்கும் இடையே மடல்கள் நாள்தோறும் சென்றுவந்தன. சுண்டெலிகள் இரண்டு பொம்மை வீட்டிற்குள் புகுந்து செய்யும் குறும்பை ஒரு நூலாக எழுத அம்மையார் எண்ணினார். அதற்கேற்ற பொம்மை வீடு ஒன்றை நார்மன் தம் உடன்பிறந்தார் மகளுக்குச் செய்து கொடுத்திருந்தார். அதனை நேரிற் சென்று கண்டு வரைய அம்மையார் விரும்பினார். தாயார் இசைவு தரவில்லை. முப்பத்தேழு வயதுடைய, நாடறிந்த நூலாசிரியராகிய மகள், தாயின் இசைவின்றி நண்பர் வீட்டிற்குச் செல்ல இயலாத காலம் அது! நார்மன் அப்பொம்மை வீட்டை நிழற்படம் எடுத்து அனுப்பினார். அப்படங்களைக் கொண்டே அம்மையார் வரைந்து முடித்தார்.

1905ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நார்மன் தம்மை மணந்துகொள்ளுமாறு அம்மையாரை வேண்டினார். வாணிகம் செய்வோர் தம் மகளுக்கு ஏற்றவர் அல்லர் என்று பெற்றோர் மறுத்தனர். அவர்களுடைய செல்வமும் பருத்தித் தொழிலில் வந்ததே என்பதை அவர்கள் நினைத்துப் பார்த்திலர். அம்மையார் பெற்றோரோடு மாறுபட்டும் நார்மனின் மோதிரத்தை ஏற்றுக்கொண்டார். அந்தோ! ஒரு திங்களுக்குள், ஆகஸ்டுத் திங்கள் 25ஆம் நாள், நார்மன் குருதி நோயால் உயிர் நீத்தார். அம்மையார் அப்பொழுது அவரருகில் இல்லை. பெற்றோரோடு வேல்ஸ் நாட்டில் இருந்தார். ஊரறிய மணமும் நிகழவில்லை. ஊரறிய அழுவதற்கும் வழியில்லை.

துயரில் மூழ்கிச் செயலற்றுப் போகாமல், அவ்வாண்டு இறுதியிலேயே அம்மையார் ஒரு துணிவான செயலைச் செய்தார். ஏரி மாவட்டத்தில் நியர் சாரி என்னும் சிற்றூரில் ஹில் டாப் என்னும் 34 ஏக்கர்ப் பண்ணையை வாங்கினார். நூல் விற்பனையில் ஈட்டிய பொருளும், உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற சிறு தொகையும் அதற்குப் பயன்பட்டன. பெற்றோரைப் பேணும் கடமை இருந்தமையால் அங்கேயே தங்கி வாழ இயலவில்லை. ஓய்வு கிடைத்தபோதெல்லாம் அங்குச் சென்றார். அப்பண்ணையின் வீடும் தோட்டமும் வாத்தும் பூனையும் அடுத்தடுத்து வந்த நூல்களில் ஓவியமாயின. துயர் ஆற்றிய நிலமே கலைக்கும் ஊற்றாயிற்று.

உழவரும் ஆயரும் ஆன ஓவியர்

பண்ணையை ஒட்டிய நிலங்களை வாங்குவதற்கு ஹாக்ஸ்ஹெட் என்னும் ஊரின் வழக்கறிஞர் வில்லியம் ஹீலிஸ் துணைபுரிந்தார். பழக்கம் நட்பாகி, நட்பு அன்பாகியது. இம்முறையும் பெற்றோர் தடுத்தனர். அப்பொழுது தம்பி பெர்ட்ரம், தாம் பல ஆண்டுகளுக்கு முன்னரே மறைவாக மணம் செய்துகொண்டு வாழ்ந்து வருவதை வெளிப்படுத்தி, தமக்கையின் பக்கம் நின்றார். 1913ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 15ஆம் நாள் திருமணம் இனிது நிறைவேறியது. அம்மையாருக்கு அப்பொழுது வயது நாற்பத்தேழு.

அதன்பின் நூல்கள் குறைந்தன; கண்ணொளியும் குறையத் தொடங்கிற்று. எனினும் உழைப்புக் குறையவில்லை. மர அடியுடைய மிதியடியும் முரட்டுக் கம்பளி உடையும் அணிந்து, வயலிலும் மலைச்சரிவிலும் பணியாட்களோடு தாமும் நின்றார். ஒரு மழைநாளில் அக்கோலத்தில் அவரைக் கண்ட வழிப்போக்கர் ஒருவர், தம்மைப் போன்ற வறியவர் என்றே கருதி இரங்கிப் பேசினார் என்றும், அம்மையார் அதனைப் பிறரிடம் கூறி மகிழ்ந்தார் என்றும் கூறுவர்.

1923ஆம் ஆண்டில் டிரௌட்பெக் பார்க் என்னும் பெரிய ஆட்டுப் பண்ணையை வாங்கினார். ஹெர்ட்விக் என்பது அம்மலை நாட்டிற்கே உரிய ஆட்டினம். குளிரையும் மழையையும் தாங்க வல்லது. இவ்வாடுகளுக்கு வேலி வேண்டுவதில்லை. தனக்குரிய மலைப்பகுதி எது என்பதைத் தாயாட்டிடமிருந்து குட்டி கற்றுக்கொள்ளும். ஆதலால் ஒரு பண்ணையின் மந்தை விற்கப்பட்டால், பல தலைமுறைகளாக அம்மந்தை கொண்டிருந்த நில அறிவும் அதனோடு போய்விடும். ஆட்டைக் காத்தாலன்றி மலையைக் காத்தல் இயலாது என்பதை அம்மையார் நன்கு அறிந்திருந்தார். அவ்வினத்தைப் பேணி வளர்த்துக் கண்காட்சிகளிற் பரிசும் பெற்றார். 1943ஆம் ஆண்டில் ஹெர்ட்விக் ஆடு வளர்ப்போர் சங்கத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அப்பொறுப்பிற்குத் தேர்வான முதற் பெண்மணி அவரே. அறிஞர் கழகத்தின் வாயிலில் நிற்கவும் இடம் பெறாதவரை, ஆயர் சங்கம் தன் தலைமைக்கு அழைத்தது.

நிலம் காத்த அறம்

அக்காலத்தில் ஏரி மாவட்டத்தின் எழிலைக் கண்டு பலர் அங்கு நிலம் வாங்கி மாளிகை கட்ட விரும்பினர். உழவர் கையிலிருந்த நிலங்கள் துண்டு துண்டாகி விலையாகும் நிலை தோன்றிற்று. அதனைத் தடுப்பதற்கு அம்மையார் தம் பொருளைப் பயன்படுத்தினார். 1927ஆம் ஆண்டில், விண்டர்மியர் ஏரிக்கரையில் உள்ள நிலம் ஒன்றைக் காப்பதற்குப் பொருள் தேவைப்பட்டபொழுது, பீட்டர் முயற்கதையின் படங்களுள் சிலவற்றை மீண்டும் தம் கையால் வரைந்து, 50 படங்களை அமெரிக்க அன்பர்களுக்கு விற்பனைக்கு அனுப்பினார். 1930ஆம் ஆண்டில் மங்க் கானிஸ்டன் என்னும் 4,000 ஏக்கர்ப் பெருநிலம் விலைக்கு வந்தது. அதனை முழுமையாக வாங்கி, ஒரு பாதியைத் தாம் கொடுத்த விலைக்கே தேசிய அறக்கட்டளைக்கு விற்றார். எஞ்சிய பாதியையும் பிற்காலத்தில் அவ்வறக்கட்டளைக்கே உரியதாக்கினார்.

1943ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள், தம் எழுபத்தேழாம் வயதில், நியர் சாரியில் அம்மையார் உயிர் நீத்தார். அவர் விரும்பியவாறே, அவருடைய உடற்சாம்பலை ஆட்டாயர் ஒருவர் அந்நிலத்திலேயே தூவினார். இன்ன இடம் என்பது வெளிப்படுத்தப்படவில்லை. அவர் எழுதிவைத்த இறுதி முறியால் 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும், பல பண்ணைகளும், குடியிருப்புகளும், ஆட்டு மந்தைகளும் தேசிய அறக்கட்டளையைச் சேர்ந்தன. மலைப் பண்ணைகளில் ஹெர்ட்விக் ஆடுகளையே வளர்க்க வேண்டும் என்றும் அவர் எழுதிவைத்திருந்தார். ஹில் டாப் வீடு 1946ஆம் ஆண்டில் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. 1951ஆம் ஆண்டில் ஏரி மாவட்டம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையிலும் இடம் பெற்றது. அம்மையார் காத்தளித்த நிலங்கள் அதன்கண் அடங்கியுள்ளன.

முடிவுரை

மாணவர்களே! மேல்மாடி அறையில் தோழரின்றித் தனித்திருந்த சிறுமி, தன்முன் இருந்த முயலை உற்று நோக்கினாள். அந்நோக்கிலிருந்தே அனைத்தும் பிறந்தன. அறிவியல் உலகம் வாயிலை அடைத்தது, பதிப்பாளர் மறுத்தனர், பெற்றோர் தடுத்தனர், கூற்றுவனும் இடையில் வந்து காதலரைக் கவர்ந்து சென்றான். அம்மையாரோ தம் கண்ணையும் கையையும் நம்பினார். எதனையும் மேலெழுந்தவாரியாகக் காணாமல், அன்போடும் பொறுமையோடும் கண்டார். கண்டதற்கு மாறாக ஒரு கோடும் இழுத்திலர். அப்பொறுமை ஓவியத்தில் முயலாக விளங்கிற்று. அவ்வன்பு நிலத்தில் அறமாக நிலைத்தது. நீங்களும் உங்கள் வீட்டு முற்றத்தில் துள்ளும் அணிலையோ, வேலியோரம் மேயும் ஆட்டுக்குட்டியையோ ஒருநாள் பொறுமையோடு உற்று நோக்குங்கள். கண்டதைக் கண்டவாறே வரைய முயலுங்கள். கோடு கோணினாலும் குற்றமில்லை. நன்றாகக் கண்டதை நாம் நேசிப்போம். நேசிப்பதைக் காக்கவும் முற்படுவோம். பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மையாரின் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் உண்மை இதுவேயாம்.